நூறு கலம் நெல்லும் ஒரு பழைய புடவையும்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்தில், முதலாம் இராஜராஜனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டிலே, அதாவது கி.பி. 1014ஆம் ஆண்டை ஒட்டி, வெட்டப்பட்ட நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம், பழையாறை எனச் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரித் தெருக்களில் குடியேற்றி, இன்ன தெருவில் இன்ன சிறகில் இத்தனையாவது வீடு என்று கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரத்தக்க பங்கொன்றையும் வகுத்துக் கொடுத்த செய்தியை அந்தச் சாசனம் பெயர் பெயராகச் சொல்கிறது. பெரும்பாலும் 'நக்கன்' என்று தொடங்கும் அப்பெயர்களைக் கல்லில் வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறவர்களுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசாங்கம் தன் ஆடல் மகளிரை இவ்வளவு துல்லியமாக எண்ணிவைத்திருந்ததே என்ற வியப்பும், எண்ணிவைத்ததே உடைமையாகக் கருதியதற்கு அடையாளமோ என்ற ஐயமும் ஒருங்கே எழும். பங்கு பெற்றவள் இறந்துபோனால் அவளுடைய நெருங்கிய உறவினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்றும், அவர்களுக்குத் தகுதி இல்லையேல் தகுதியுள்ள வேறொருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்றும் அதில் விதி இருக்கிறது. நெல்லும் வீடும் இருந்தன, பெயரும் இருந்தது, பணியும் பரம்பரையாயிற்று.

சோழர் காலத்துக் கோயிற் பெண்டிர் தம் பெயரில் நிலம் வைத்திருந்ததையும், கோயிலுக்குப் பொன்னும் விளக்கும் தாமே வழங்கியதையும் லெஸ்லி ஓர் போன்ற ஆராய்ச்சியாளர்கள் கல்வெட்டுகளைக் கொண்டே நிறுவியிருக்கிறார்கள். ஆகவே இடைப்பட்ட ஆயிரமாண்டு முழுவதையும் ஒரே இருட்டாக வருணிப்பது சரித்திரமாகாது. ஆயினும், அந்த நானூறு பேரில் சிலர் புறப்பட்டு வந்த அதே திருவாரூரில் 1883ஆம் ஆண்டில் பிறந்த ஒரு பெண் குழந்தை, கடனுக்கு அஞ்சித் தகப்பன் ஊரைவிட்டுப் போய்விட, வறுமைக்கு ஆற்றாத தாயினால், மூவலூரில் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டும் குடும்பம் ஒன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் விற்கப்பட்டாள். கல்லில் பொறித்த நூறு கலத்திலிருந்து இந்தப் பத்து ரூபாய் வரைக்கும் வந்து சேர்ந்த வழிதான் காவிரிப் படுகையில் பெண் கலைஞர்களின் வழி. பாட்டையும் பரதத்தையும் இந்த நெல் விளையும் நாடு போற்றிய அளவுக்கு வேறெந்த நாடும் போற்றியதில்லை என்று நாம் பெருமை பேசுகிறோம், அது உண்மைதான். பாடியவளையும் ஆடியவளையும் தன் களஞ்சியத்து நெல்லைப்போலத் தன் உடைமையாக அது கருதியதும் அதே அளவுக்கு உண்மை. இந்த உடைமை உணர்ச்சியை எதிர்த்துப் பேசிய முதற்கலை வெளியிலிருந்து வந்த சீர்திருத்தவாதிகளின் கொடை என்று எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கலை அந்த வீடுகளுக்குள்ளேயே பிறந்தது; பிறந்தபின் இரண்டு திசைகளில் பிரிந்து, ஒன்றையொன்று எதிர்த்து நின்றது. அந்த இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கவேண்டும் என்று வாதிடவே இக்கட்டுரை முற்படுகிறது.

வழக்கு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் மாதவியின் மாலைக்கு 1,008 கழஞ்சுப் பொன் விலை கூறப்பட்டது. மாலையை வாங்கிய கோவலனுக்கு மாதவியும் உரியவளானாள். அவர்களுடைய மகள் மணிமேகலையை விடாது பின்தொடர்ந்தவன் சோழ இளவரசனான உதயகுமரன்; அவனிடமிருந்து தப்புவதற்கு அவளுக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரம் ஒன்றே துணையாயிற்று. துறவு பூண்டவளைக் குலத்தொழிலுக்கு இழுத்துவர முயன்றவள் பாட்டி சித்திராபதி. விரும்பாத பெண்ணைத் துரத்தும் அதிகாரத்தையும், அதற்குத் துணைபோகும் வீட்டுக் கிழவியையும் 'மணிமேகலை' பாடிய சாத்தனார் அன்றே கண்டுவிட்டார்.

நாயக்கர் அரசவையில் பெண்கள் கிரந்தகர்த்தாக்களாகவே விளங்கினார்கள். ரகுநாத நாயக்கரைப் பற்றி ராமபத்ராம்பா வடமொழியில் காவியம் செய்தார். விஜயராகவ நாயக்கரின் சபையில் ரங்காஜம்மா தெலுங்கில் நாடகம் எழுதினார். அந்தப் பரம்பரையின் கடைசிப் பெருங்குரலாக, மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்ட காலத்தில், தஞ்சை அரண்மனையைச் சார்ந்த கணிகையர் குலத்து முத்துப்பழனி என்ற பெண் 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். நூலின் முகப்பில் கவிகள் தம் தந்தை வழியைச் சொல்லிக்கொள்வது மரபாயிருந்த காலத்திலே, இவர் தம் பாட்டி தஞ்சநாயகியின் வித்தையையும் புகழையும் முன்னிறுத்தித் தம் வமிசத்தைப் பாடியதோடு, வித்வான்கள் தமக்கு நூல்களை அர்ப்பணம் செய்ததையும், வித்வான்களைத் தாம் சன்மானித்ததையும், கூச்சம் சிறிதுமின்றிப் பதிவுசெய்தார். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவரும் இவரே.

காவியத்தின் பொருள் வெகு துணிச்சலானது. தான் வளர்த்த இளா என்ற இளம் பெண்ணை ராதை தானே கண்ணனுக்கு மணம் முடித்துவைக்கிறாள். முதலிரவுக்கு முன்னர் அவளுக்கும் அவனுக்கும் தனித்தனியே புத்தி சொல்லி அனுப்புகிறாள். அனுப்பிய பிறகு பிரிவாலும் பொறாமையாலும் வெந்துபோகிறாள். திரும்பி வந்த கண்ணன் அவளைச் சமாதானப்படுத்துவதற்காகக் காலில் விழ, அவள் இடது காலால் அவனை உதைக்கிறாள். இந்த உதையைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். நம்முடைய சிருங்கார இலக்கியத்தில் நாயகியின் ஊடல் என்பது நாயகனுடைய இன்பத்துக்குச் சுவை கூட்டும் ஒரு துணைச்சரக்காகவே பெரும்பாலும் நிற்கும். முத்துப்பழனியிடத்தில் ஊடல் ஒரு வழக்காக, ஒரு நியாயம் கேட்பதாக மாறுகிறது. சமாதானம் செய்ய வேண்டியவன் ஆண், செய்யப்பட வேண்டியவள் பெண் என்பதையே நூலின் பெயர் சொல்கிறது. ஆசையும் கோபமும் இரண்டுமே பெண்ணின் சொந்த உடைமைகளாக 584 பாடல்களில் நடமாடுகின்றன. அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்த ஒரு கணிகை, தன்னைப் போஷித்தவர்களின் கண்ணெதிரிலேயே இப்படியொரு ராதையைப் படைத்தார் என்பதை, நம் பெண்ணிலக்கியத்தின் பேராண்மையான செயல்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதைப் பொறுக்கவில்லை. 1887இல் அச்சான பதிப்பு முகப்புரைப் பாடல்களையும் வேறு சில பாடல்களையும் விட்டுவிட்டது. கைம்பெண் மறுமணத்துக்காக வாழ்வையே ஈடுவைத்துப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவே, இந்நூல் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரத்தகாதது என்று கண்டித்தார். மைசூர்ச் சீமையில் 1878இல் பிறந்து, சங்கீதத்திலும் வடமொழி, தெலுங்குக் கல்வியிலும் தேர்ந்து, சென்னையில் பெரும் புகழுடன் வாழ்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், மிகுந்த பிரயத்தனத்தின்பேரில் மூலப் பிரதியைத் தேடிப் பெற்று, விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து, வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு நிறுவனத்தின் மூலம் 1910இல் பிரசுரித்தார். தம் முன்னுரையில் பந்துலுவுக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார்: வெட்கம் என்பது பெண்களுக்கு மாத்திரம் இயற்கையா, பெரிய மனிதர்கள் என்று பெயரெடுத்த ஆண்கள் இதைவிட அப்பட்டமாக எழுதியதைப் பந்துலு ஏன் கண்டிக்கவில்லை, அவரே பார்வையிட்டு அச்சுக்கு அனுமதித்த 'வைஜயந்தி விலாசம்' இதைவிட எவ்விதத்தில் சுத்தமானது என்ற கேள்விகளுக்கு அவர் பக்கத்திலிருந்து நியாயமான பதில் வர இடமில்லை. பதிலாகப் போலீஸ் வந்தது. 1911இல் ஆபாச நூல் என்று பிரதிகள் பறிமுதலாயின. தங்குதூரி பிரகாசம் சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாக இருந்த காலத்திலேதான் தடை நீங்கிற்று. மறுபதிப்பு 1952இல் வெளிவந்தது. அந்த வருஷம் மே மாதத்தில் நாகரத்தினம்மாள் காலமானார்.

தடைக்குப் பிறகு அந்த அம்மாள் சோர்ந்து ஒடுங்கிவிடவில்லை, திருவையாற்றுக்கு வந்தார். 1847இல் சித்தியடைந்த தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதாக அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதியிருந்தார். நகைகளையும் சொத்துகளையும் விற்று, நிலம் பெற்று, 1921இல் அடிக்கல் நாட்டி, 1925 ஜனவரியில் கோயிலாக அதைப் பிரதிஷ்டை செய்தார். கட்டியவருக்குப் பாட அனுமதியில்லை. ஆராதனையை நடத்திய சின்னக் கட்சியும் பெரிய கட்சியும் எத்தனையோ விஷயங்களில் சண்டையிட்டுக் கொண்டாலும், ஸ்திரீகள் சந்நிதியில் பாடக்கூடாது என்பதில் ஏகமனதாக இருந்தன. 1927 முதல் அவர் பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனியே ஆராதனை நடத்தினார். ஜனங்கள் அதைப் 'பெண்கள் கட்சி' என்றார்கள். 1940ஐ ஒட்டித்தான் மூன்றும் ஒன்றாக இணைந்தன. இறுதியில் தம் உடைமைகளையெல்லாம் அந்தச் சந்நிதிக்கே எழுதிவைத்தபோது, தேவதாசிகள் உட்படப் பெண்கள் அனைவருக்கும் அங்கே வழிபடவும் பாடவும் உரிமை இருக்கவேண்டும் என்பதையும் எழுத்தில் இருத்தினார். அங்கேயே சமாதி கொண்டு, தியாகராஜர் சந்நிதியை நோக்கியபடி அவர் சிலை வடிவில் அமர்ந்திருக்கிறார்.

நாடக மேடையைப் பார்த்தால், மேலட்டூர்ப் பாகவத மேளாவில் இன்றளவும் லீலாவதியாகவும் சந்திரமதியாகவும் வேஷம் கட்டுகிறவர்கள் ஆண்கள்தாம். அதே தஞ்சை ஜில்லாவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மாத்திரமே கொண்ட நாடகக் கம்பெனி ஒன்றை நடத்தினார். ராஜா வேஷமும் பெண்தான், சேவகன் வேஷமும் பெண்தான். அவருடைய 'தாரா சசாங்கம்' பார்ப்பதற்காக ஓடிய ரயில்களுக்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர் வழங்கும் அளவுக்கு ஜனக்கூட்டம் திரண்டது. அந்தக் கூட்டத்துக்கு அவருடைய முதுமையைப் பற்றிய கவலை இருக்கவில்லை. அவர் மதுரையில் வறுமையில் மாண்டார்.

இனி அந்தப் பத்து ரூபாய்க் குழந்தைக்கு வருவோம்.

மூவலூர் இராமாமிர்தம் பாட்டும் நாட்டியமும் படிப்பும் கற்று வளர்ந்தார். வயது முதிர்ந்த செல்வர் ஒருவருக்கு அவரைக் கட்டிவைக்க ஏற்பாடு நடந்தபோது, தமக்குச் சங்கீதம் கற்பித்த சுயம்பு பிள்ளையைத் தாமே தேர்ந்து மணந்துகொண்டார். காங்கிரஸில் சேர்ந்து கதர் விற்றார். 1925இல் பெரியாருடன் அதைவிட்டு வெளியேறினார். நாகபாசத்தார் சங்கம் கண்டு, மாயவரம், கும்பகோணம் வட்டாரங்களில் வீடு வீடாகச் சென்று, பொட்டுக் கட்டாதீர்கள், கட்டிய பொட்டை அறுத்தெறியுங்கள், பெண்களுக்கு முறைப்படி கல்யாணம் செய்துவையுங்கள் என்று பேசினார். இப்பேச்சு மிராசுதார்களுக்குப் பிடிக்கவில்லை. தம் குலத்திலேயே பலருக்கும் பிடிக்கவில்லை. கூட்டமொன்றில் அவருடைய கூந்தலை அறுத்துவிட்டார்கள் என்றும், அதற்குப்பின் அவர் தலைமயிரைக் குட்டையாகவே வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். 1938இல் உறையூரிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகச் சென்ற இந்தி எதிர்ப்புத் தமிழர் படையில் அவர் ஒருவரே பெண், வயது ஐம்பத்தைந்து.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1936இல், அவர் எழுதிய நாவல் வெளிவந்தது: 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்'. மைனர் என்பதைத் தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தகப்பன் சேர்த்துவைத்த நிலத்தின் குத்தகை நெல் வீடு தேடி வர, ஜிப்பாவும் ஜவ்வாதுமாகத் திரிந்து, நன்செய்யை ஏக்கர் ஏக்கராகத் தாசி வீட்டுப் படிக்கட்டில் கரைத்தவன் அவன். நாவலின் தலைப்பு வஞ்சகம் முழுவதையும் தாசிகளின் தலையில் கட்டுவதாகத் தோன்றும். கதையின் பெரும்பகுதியும் அப்படித்தான், தாய்க்கிழவிகள் கற்பிக்கும் தந்திரங்களையும் அவற்றில் சிக்கும் மைனர்களையும் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பின்பகுதியில் மேடைப் பேச்சுகளும் மாநாட்டு நடவடிக்கைகளும் வந்து கதையை விழுங்கிவிடுகின்றன. கலையழகு என்ற ஒன்றை மட்டும் உரைகல்லாகக் கொள்கிறவர்கள் இதனை நாவலென்றே ஒப்பமாட்டார்கள்.

எனக்கு அந்த உரைகல்லில் நம்பிக்கையில்லை. விற்கப்பட்ட ஒருவர், விற்பனையின் உள்விவகாரங்களை, யார் யாருக்கு எவ்வளவு பங்கு, சாஸ்திரம் எங்கே கைகொடுக்கிறது, கோயில் மரியாதை எங்கே விலையை ஏற்றுகிறது என்பதையெல்லாம் தம் கண்ணால் கண்டு எழுதிய நூல் இது; வெளியிலிருந்து பார்த்த எந்த ஆசிரியராலும் எழுத முடியாதது. ஐரோப்பாவிலே 1612இல், தன்னைப் பலாத்காரம் செய்தவன்மீது நடந்த வழக்கில், சொல்வது மெய்தானா என்று சோதிப்பதற்காக விரல்களைக் கயிற்றால் நெருக்கிச் சித்திரவதை செய்யப்பட்டவர் ஆர்ட்டெமிசியா ஜெண்டிலெஸ்கி என்ற ஓவியப் பெண். அவர் தீட்டிய படத்தில் யூதித் என்ற பெண் ஹோலோபெர்னஸ் என்ற சேனாதிபதியின் கழுத்தை அறுக்கும்போது அவளுடைய புஜத்திலே உண்மையான வலிமையும், முகத்திலே தொழில் செய்கிறவளின் கவனமும் இருக்கின்றன. அதே பொருளை எழுதிய ஆண் ஓவியர்களிடத்தில் இவ்வளவு காண்பதில்லை. பாதிக்கப்பட்டவளே சாட்சியாகவும் கலைஞியாகவும் நிற்கும்போது நுணுக்கங்கள் மாறுகின்றன. இராமாமிர்தத்தின் நாவலுக்குரிய இடமும் அந்த வரிசையில்தான்.

நாகரத்தினம்மாளும் இராமாமிர்தமும் எதிரெதிர்க் கட்சிகளில் நின்றார்கள் என்பது நம் சரித்திரத்தின் துயரமான விசேஷம். புதுக்கோட்டையில் இசை வேளாளர் தாயின் மகளாகப் பிறந்து, டாக்டராகிச் சட்டசபையிலும் அமர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, பொட்டுக் கட்டுவதை ஒழிக்கவேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தபோது, இராமாமிர்தம் ஊர் ஊராகச் சென்று அதை ஆதரித்தார்; நாகரத்தினம்மாளோ சென்னைத் தேவதாசிகளுடன் சேர்ந்து ஆட்சேபணை விண்ணப்பம் எழுதினார். தேவதாசி என்றாலே விபசாரி என்று சட்டம் சொல்வது அவமதிப்பு, எங்களுக்குக் கல்வியைக் கொடுங்கள், கலையையும் மானியத்தையும் பறிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். பேச்சுத் தெரிந்த பலரும் இன்றைக்கு இவ்விருவரில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு மற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். நாகரத்தினம்மாள் குடும்ப அமைப்புக்கு வெளியே வித்தையாலும் சொந்தச் சொத்தாலும் தலைநிமிர்ந்து வாழ்ந்தவர். அப்படி வாழ முடியும் என்பதற்குத் தாமே அத்தாட்சி. இராமாமிர்தம், அந்த அமைப்பு ஒரு நாகரத்தினம்மாளைக் கொடுப்பதற்காக எத்தனை குழந்தைகளைப் பழைய புடவைக்கு வாங்கிற்று என்பதற்கு அத்தாட்சி. ஒருவருடைய உண்மையால் மற்றவருடைய உண்மை பொய்யாகிவிடவில்லை.

சட்டம் இரண்டையும் கேட்கவில்லை. 1947ஆம் ஆண்டின் சென்னைத் தேவதாசிச் சட்டம் பொட்டுக் கட்டும் சடங்கைக் குற்றமாக்கிற்று. அது நல்ல காரியம், இராமாமிர்தத்தின் வெற்றி. அதே சட்டம், கும்ப ஆரத்தியுடனோ இல்லாமலோ பெண்கள் கோயிலிலும் சுவாமி ஊர்வலத்திலும் நடனமாடுவதையும் சட்டவிரோதம் என்று அறிவித்தது. ஆடியவளுக்கும் ஆட்டுவித்தவர்களுக்கும் தண்டனை உண்டு. போஷகர் என்ற பெயரில் அந்த வீட்டுப் படியேறிய மைனரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கோயிலை விட்டு வெளியேறிய சதிர் என்ற தேவதாசிகளின் ஆட்டம், பரதநாட்டியம் என்ற பெயருடன் சபாக்களில் வேறு குலத்துப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. தஞ்சை அரண்மனைப் பாப்பம்மாளின் வழிவந்த பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் கழுவித் துடைத்துவிட்டு ஆடுவது கலையாகாது என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் ஆசை பேசப்பட்டால் ஆபாசம் என்று 1911இல் முத்துப்பழனிக்குச் சொன்ன அதே தீர்ப்பைத்தான் அவரும் எதிர்த்தார் என்பது என் அபிப்பிராயம்.

கோயில் தெருவை விட்டுச் சற்று வயல்வெளிக்கும் போகவேண்டும். நூறு கலம் நெல்லை விளைவித்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த நாட்களில், நடவு நட்ட பெண்களின் துன்பம் எந்தச் சபையிலும் அரங்கேறவில்லை. மணலூர் மணியம்மை என்ற அந்தண விதவை, தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் பயின்று, அந்தப் பண்ணையாட்களின் சங்கத்தைக் கட்டினார். 1953இல் மான் முட்டி இறந்தார் என்கிறார்கள். இராமாமிர்தத்தின் கூந்தலைப் பிறர் அறுத்தார்கள்; மணியம்மை தம் வைதவ்யக் கோலத்தைத் தாமே களைந்தெறிந்து இந்தக் கோலத்தை எடுத்துக்கொண்டார். அவருடைய வாழ்வைத் தேடித் திரட்டி 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக 1991இல் தந்தவர் ராஜம் கிருஷ்ணன். களத்துக்கே போய், ஜனங்களோடு பேசி, அவர்கள் சொல்லையே ஆதாரமாகக் கொண்டு எழுதுவது அந்த அம்மையாரின் முறை. டெல்டா விவசாயத் தொழிலாளர்களைப் பற்றிய 'சேற்றில் மனிதர்க'ளும் அப்படிப் பிறந்ததே.

1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் கண்ணியமான நிலக்கிழார்கள் தாமே நடந்துபோய்த் தீவைப்பார்களா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில் ஒலித்தது. இதைக் களமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். ஆற்றல் வாய்ந்த எழுத்து அது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிலக்கிழாரின் கொடுமைக்கு வேரை அவனுடைய ஆண்மைக் குறைவில் தேடியதன் மூலம், ஒரு வர்க்கமும் ஒரு சாதியும் சேர்ந்து செய்த காரியத்தை அது ஒரு தனிமனிதனின் உடற்கோளாறாக்கிவிட்டது. மைதிலி சிவராமன் என்ற பெண், ஆராய்ச்சிக்காரியாகவும் தொழிற்சங்கவாதியாகவும் நின்று, கூலிக் கணக்கையும் தீர்ப்பின் வாசகத்தையும் வைத்துக்கொண்டு அதே சம்பவத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் விளங்கும்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2002இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுதிக்கு 'முலைகள்' என்று பெயரிட்டதற்காக அவருக்கும், அவரோடொத்த பெண் கவிகளுக்கும் வந்த வசவுகளும் மிரட்டல்களும், தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய 'ராதிகா சாந்த்வன' வழக்கின் மறுபதிப்பே. பெண்ணுடலை வருணித்து ஆயிரக்கணக்கான பாடல்கள் பாடிய மொழியில், அந்த உடலுக்குரியவள் அதன் பெயரைச் சொன்னது மட்டும் ஆபாசமாயிற்று. மேடையிலோ, அ. மங்கை இயக்கிய நாடகங்கள் பெண்சிசுக் கொலையை ஊர்த் திடல்களுக்கே கொண்டுசென்று பேசின, இன்குலாப் எழுதிக்கொடுத்த 'அவ்வை'யும் 'மணிமேகலை'யும் பழங்கதைப் பெண்களுக்குப் புதிய வாதத்தைக் கொடுத்தன, வ. கீதாவின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த 'காலக்கனவு', சென்ற நூற்றாண்டுப் பெண்கள் எழுதியதையும் பேசியதையும் அப்படியே மேடைவசனமாக்கிற்று. சுவாமிமலை ராஜரத்தினம் பிள்ளையின் பேத்தி நிருத்யா பிள்ளை, தம் முன்னோரிடமிருந்து எடுக்கப்பட்ட கலைக்கு இன்று யாரை வாரிசு என்கிறார்கள் என்ற கேள்வியை, ஆடியும் எழுதியும் பேசியும், சபாக்காரர்களுக்குச் சங்கடமாக இருக்கும்படி கேட்டு வருகிறார். விராலிமலைக் கோயிலில் சிறுவயதில் பொட்டுக் கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சட்டம் தடுத்த சதிரை அரசாங்கமே கௌரவிக்க எழுபத்தைந்து வருஷம் ஆயிற்று.

அதே 2022ஆம் ஆண்டின் செப்டம்பரில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' திட்டம் தொடங்கிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் திருமண உதவியாகத் தொடங்கிய திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றியதே இது. கல்யாணத்திலிருந்து கல்விக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். மன்னார்குடியிலும் திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் அந்தப் பணத்தைப் பெறும் பெண்களுடைய கையில் அவருடைய நாவலையும் கொடுக்கவேண்டும். அதன் குறைகளைச் சொல்லியே கொடுக்கலாம். கூடவே முத்துப்பழனியின் காவியத்தை நல்ல தமிழ் உரையுடனும், நாகரத்தினம்மாளின் முன்னுரை ஒரு வரியும் விடுபடாமலும், பல்கலைக்கழகமோ சரஸ்வதி மகால் நூலகமோ மலிவுப் பதிப்பாக அச்சிட்டு அதே பெண்களுக்குக் கொடுக்கவேண்டும். இரண்டு நூல்களையும் ஒரே வகுப்பில் பாடமாக வைத்து, இராமாமிர்தம், நாகரத்தினம்மாள் இருவரில் யார் சொன்னது சரி என்று அந்தப் பெண்களே வாதிட்டுக்கொள்ளட்டும்.